ஊர்க் கலைகளும் உள்ள நலமும்

(திருப்போரூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில், இவ்வட்டாரத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் ஏரி மராமத்தைப் பற்றியும், விதை நெல்லைப் பற்றியும், சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவை யாவும் இன்றியமையாதவையே. எனினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறுபட்டது. அது மனிதனுடைய மனத்தைப் பற்றியது. ஏரிக்கரை உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடி வருகிறது. ஒருவனுடைய மனம் உடைந்தால் அடுத்த வீட்டுக்காரனுக்கும் தெரிவதில்லை. இது நம் ஊர்களில் உள்ள பெருங்குறையாகும்.

நாம் கூடியிருக்கும் இத்திருத்தலத்தின் பெயரிலேயே போர் இருக்கிறது. முருகப்பெருமான் திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருப்போரூரில் விண்ணிலும் அசுரரோடு பொருதார் என்று தலவரலாறு கூறும். கடலிலும் நிலத்திலும் நடக்கும் போரைக் கண்ணால் காணலாம். விண்ணில் நடக்கும் போரை யார் காண்பார்? மனத்தினுள்ளே நடக்கும் போரும் அத்தகையதே. அதில் ஈடுபட்டிருப்பவன் காலையில் எழுந்து வயலுக்குப் போகிறான். தேநீர்க் கடையில் அமர்கிறான். கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறான்.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனம் 2015-16 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒருவகை மனநோயால் அப்போது துன்புற்றிருந்தனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் பெறவில்லை என்றும் அதனால் தெரியவந்தது. உங்கள் ஊரின் மக்கள் தொகையை நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை வீடுகள் வருகின்றன என்று உங்களுக்கே விளங்கும்.

நம் வட்டாரத்தின் துயரங்களை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையைக் கரையோர ஊர்கள் இன்னும் மறக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2022 டிசம்பர் 9 ஆம் நாள் இரவு மாமல்லபுரத்துக்கு அருகே கரை கடந்த மாண்டஸ் புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று அடுத்தடுத்து வந்தன. இவை தவிர, ஓசையின்றி வரும் துயரங்களும் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையையொட்டிப் பாட்டன் காலத்து நிலத்தை விற்றவர்களுள், பணம் கரைந்தபின் தாம் உழுத நிலத்தின் மேல் நிற்கும் கட்டடத்தை வெளியே நின்று பார்ப்பவர்களை நான் அறிவேன். அவர்களுடைய துயருக்கு நிவாரணப் பட்டியலில் இடமில்லை.

நான் மருத்துவன் அல்லேன். 34 ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன். ஆகவே நோயைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. துயரை வெளியே கொண்டுவருவதற்கு நம் முன்னோர் வகுத்துவைத்த வழிகளைப் பற்றியும், அவற்றை நாம் எப்படி அடைத்துவிட்டோம் என்பது பற்றியும் பேசவே வந்திருக்கிறேன்.

ஒப்பாரியை நிறுத்தினோம்

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது என்னுடைய தவறு. ஆதலால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் தாயார் 1998 ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் காலமானார்கள். நாங்கள் நான்கு பிள்ளைகள். மூவர் ஆண்கள், மூத்தவள் என் அக்கா. ஆண்கள் மூவரும் படித்து உத்தியோகத்தில் இருந்தோம். பட்டணத்திலிருந்து எங்களோடு பணியாற்றுவோர் பலர் வந்திருந்தனர். ஊர்ப் பெண்கள் வழக்கம்போல் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். எங்களுக்கு வெட்கமாயிருந்தது. படிக்காதவர் வழக்கம் என்று நினைத்தோம். "போதும், நிறுத்துங்கள்" என்று நானே சென்று சொன்னேன். ஒலிபெருக்கியில் பாட்டு வைத்தோம். பெண்கள் எழுந்துபோய்ச் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். என் அக்கா ஒன்றும் பேசவில்லை.

அன்று பேசாதவள் அதன்பின்னும் சரியாகப் பேசவில்லை. தலைவலி என்பாள்; பசியில்லை என்பாள்; இரவில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். பல வைத்தியர்களிடம் அழைத்துச் சென்றோம். உடம்பில் நோய் எதுவும் இல்லை என்றார்கள். எட்டு மாதம் கழிந்தது. பக்கத்து ஊரில் எங்கள் தூரத்து உறவினரான ஒரு முதியவள் இறந்துபோனாள். துக்கம் விசாரிக்க அக்காவையும் அழைத்துக்கொண்டு சென்றேன். அங்கே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களிடையே போய் அமர்ந்தாள். சிறிது நேரத்தில் அவளுடைய குரல் எழுந்தது. அவள் பாடியது அந்த முதியவளுக்காக அன்று; எங்கள் அம்மாவுக்காக.

நான் வாசலில் நின்று கேட்டேன். நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது பணம் கட்டுவதற்காக அம்மா தம் காதிலிருந்த தோட்டை விற்றதையும், அதன்பின் பித்தளையைப் போட்டுக்கொண்டு அதை எங்களிடம் மறைத்ததையும் அக்கா அந்தப் பாட்டிலே சொன்னாள். அன்றுவரை நான் அதை அறியேன். என் தாயின் வரலாற்றை எனக்குச் சொல்லவேண்டிய பாட்டை நானே நிறுத்தியிருந்தேன்.

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிரவு அக்கா உண்டாள், உறங்கினாள். மறுநாள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். அதன்பின் சிறிது சிறிதாகத் தேறினாள்.

கலங்கல் இல்லாத ஏரி

உழவர்களாகிய உங்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏரிக்கு மதகு உண்டு; கலங்கலும் உண்டு. மதகு பாசனத்துக்கு. கலங்கல், ஏரி நிரம்பியபின் மிகுநீர் கரைக்குச் சேதமின்றி வெளியேறுவதற்கு. கலங்கலை அடைத்துவிட்டு, "பார், எங்கள் ஏரியில் எவ்வளவு நீர்!" என்று பெருமைப்படுவோர் உண்டோ? அடுத்த மழையில் கரையே போய்விடும். துயரம் நிரம்பிய மனத்துக்கு ஒப்பாரி ஒரு கலங்கல். கூத்து ஒரு கலங்கல். பாட்டு, கதை, கோலம், பொம்மை, படம் ஆகிய யாவும் அத்தகையனவே.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்தபோது அழுகையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அழுகை பிறக்கும் இடங்களையும் நான்காகப் பகுத்தார். பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலை கெடுதல், வறுமை என்பன அந்நான்கும். கடன் கொடுத்தவன் நடுத்தெருவில் ஏசுவது இகழ்ச்சி. வெள்ளத்தில் மாடு போவது இழப்பு. நிலம் விற்றுக் காவலாளியாகப் போவது நிலை கெடுதல். நான்காவதை நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கப் புலவர்கள் கையறுநிலை என்றொரு துறையையே வகுத்துக்கொண்டு, இறந்தவர்களை நினைந்து பாடினார்கள். துயரைச் சொல்லி அழுவது நாகரிகம் இல்லாதவர்களின் செயல் அன்று என்பதற்கு இவையே சான்று.

ஒப்பாரியில் மற்றொரு நுட்பமும் உண்டு. அழும் பெண் வெறுமனே கதறுவதில்லை. தன் துயரைச் சொற்களாக அடுக்குகிறாள்; மெட்டில் அமைக்கிறாள்; தாய்வீட்டின் பெருமையையும், புகுந்த வீட்டில் பட்ட பாட்டையும், நிறைவேறாத ஆசையையும் வரிசைப்படுத்துகிறாள். அருகிலிருப்பவள் அவளுடைய தோளைப் பிடித்திருக்கிறாள். முடிவில் ஒத்துக் குரல் கொடுக்கிறாள். தனித்து வாய்பேசாமல் கிடந்த துயரம், சொல்லாகி, பாட்டாகி, பலர் பங்கிட்டுக்கொள்ளும் பொருளாகிறது. பிறர் வீட்டுச் சாவில் தன் வீட்டுத் துயரையும் சேர்த்து அழுவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. அதை யாரும் குற்றமாகக் கருதியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய வழக்கங்கள் யாவும் நல்லவை என்று நான் கூறவில்லை. சாவுக்குப் பறையடிப்பதை ஒரு சாதியாரின் கடமையாகச் சுமத்திவைத்த கொடுமையும், கைம்பெண்ணை இழிவுபடுத்திய சடங்குகளும் ஒழியவேண்டியவையே. அவற்றை ஒழிப்போம். அவற்றோடு சேர்த்து, மனம்விட்டு அழும் உரிமையையும் ஒழித்துவிட வேண்டா என்பதே என் வேண்டுகோள்.

கர்ண மோட்சமும் படுகளமும்

"பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது, ஆண்களுக்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. "ஆண்பிள்ளை அழலாமா?" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். அழக்கூடாதவன் சாராயத்தை நாடுகிறான்; வீட்டில் உள்ளவர்களை அடிக்கிறான்; அல்லது எதுவும் பேசாமல் கல்லாகிவிடுகிறான்.

ஆயினும் நம் தொண்டை மண்டலத்தில் ஆண்களுக்கும் ஒரு வழி இருந்தது. இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. அதுதான் தெருக்கூத்து. துக்க வீட்டில் கருமாதி நாளன்று கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஏன் கர்ண மோட்சம்? போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். பெற்றெடுத்த தாய் குந்தி, மகன் என்று ஊரறிய அவனை ஏற்றுக்கொள்ளாமலே இருந்து, அவன் களத்தில் விழுந்தபின் மடியில் வைத்து அழுகிறாள். இரவு முழுவதும் விழித்திருந்து அதைக் காணும் குடியானவன், விடியற்காலையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறான். அவன் கர்ணனுக்காக மட்டுமா அழுகிறான்? தகப்பனுக்காகவும் அழுகிறான்; பேசாமல் பிரிந்துபோன தம்பிக்காகவும் அழுகிறான். ஆனால் அவனை யாரும் கேலி செய்வதில்லை. ஏனெனில் ஊரே கர்ணனுக்காக அழுதுகொண்டிருக்கிறது.

திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவையும் நினைத்துப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் படுகளம். களத்திலே மண்ணால் செய்த துரியோதனன் உருவம் மிகப் பெரிதாகக் கிடக்கிறது. பீமன் வேடமிட்டவர் தொடையில் அடிக்கிறார். திரௌபதி அவிழ்த்த கூந்தலை முடிக்கிறாள். வென்றவர்களின் விழாவாக மட்டும் நம் முன்னோர் அதை அமைத்துவிடவில்லை. வீழ்ந்த துரியோதனனுக்காகப் புலம்புவதற்கும் அங்கே இடம் வைத்தார்கள். மாமல்லபுரத்துப் பாறையில் மக்கள் அர்ச்சுனன் தபசு என்று அழைக்கும் சிற்பத்தைக் காண எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதே அர்ச்சுனன் தபசு நம் ஊர்க் கூத்தில், நட்டுவைத்த தபசு மரத்தின் மேல் நடிகர் ஏறிப் பாட, இன்றும் நடக்கிறது. கல்லில் இருப்பதைக் காப்பதற்குத் தொல்லியல் துறை இருக்கிறது. கூத்தில் இருப்பதைக் காப்பது ஊராருடைய பொறுப்பு.

வேலைக்களத்திலும் பாட்டு இருந்தது. நாற்று நடும்போது பெண்கள் பாடினார்கள்; ஏற்றம் இறைத்தவர்கள் எண்ணிக்கையைப் பாட்டாக்கினார்கள்; கடற்கரையில் வலை இழுத்தவர்கள் அம்பாப் பாட்டுப் பாடினார்கள். மோட்டார் வந்தது, நடவு இயந்திரம் வந்தது, உடலுழைப்புக் குறைந்தது. அது நன்மையே. ஆனால் வேலையோடு பாட்டும் போயிற்று. வேலைக்கு மாற்று வைத்தோம். பாட்டுக்கு மாற்று வைக்கவில்லை.

உலகம் கண்டறிந்தது

நம் பாட்டிமார் அறிந்திருந்ததை மேல்நாட்டார் ஆராய்ச்சியால் கண்டறிந்துவருகின்றனர். இங்கிலாந்து நாட்டு ஓவியர் ஏட்ரியன் ஹில் என்பவர் காசநோய் கண்டு 1938 ஆம் ஆண்டு ஒரு சானடோரியத்தில் படுத்திருந்தபோது, கைக்கெட்டிய பொருள்களையெல்லாம் படமாக வரைந்து மனச்சோர்வினின்றும் மீண்டார். பின்னர் மற்ற நோயாளிகளையும் வரையச் செய்தார். ஓவியத்தை ஒரு சிகிச்சை முறையாகக் கருதும் வழக்கத்துக்குப் பெயரிட்டவர் அவரே.

அமெரிக்க நாட்டு உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வும் இங்கே குறிப்பிடத்தக்கது. கல்லூரி மாணவர்களை நான்கு நாட்கள், நாள்தோறும் 15 நிமிடம், தம் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதிய அன்று அவர்களுக்குக் கலக்கம் அதிகமாயிற்று. ஆனால் நடந்ததையும், அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் வைத்தியரிடம் சென்றது மற்றவர்களைக் காட்டிலும் குறைந்திருந்தது. உழுதவுடன் நிலம் புரண்டு கிடக்கிறது. பயிர் பிறகுதான் வருகிறது. அதுபோன்றதே இதுவும். உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டு, கலைக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 900-க்கும் மேற்பட்ட வெளியீடுகளைத் தொகுத்து ஆராய்ந்து, பாட்டும் கூத்தும் ஓவியமும் நோய்த் தடுப்பிலும் நோய் தீர்ப்பிலும் துணைபுரிகின்றன என்று அறிக்கை வெளியிட்டது.

நம்மைப்போல் தமிழ் பேசுவோர் வாழும் மட்டக்களப்பிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1996 ஆம் ஆண்டு, கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் பால் சற்குணநாயகம் அடிகளாரும் பிறரும் சேர்ந்து, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்னும் பெயரில் குழந்தைகளுக்காக ஒரு தோட்டம் அமைத்தார்கள். போரில் உற்றாரை இழந்த தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் அங்கே ஒன்றாக வந்து களிமண்ணில் உருவம் செய்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள், நாடகம் ஆடினார்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. சொல்ல விரும்பிய குழந்தை தன் களிமண் பொம்மையின் வாயிலாகச் சொல்லிற்று.

நம் கடற்கரையிலும் அவ்வாறே. ஆழிப்பேரலைக்குப் பின் முகாம்களில் குழந்தைகளின் கையில் தாளும் வண்ணமும் கொடுத்தபோது, பலர் வரைந்தது கரிய பெரிய அலையைத்தான். வாயால் சொல்லமுடியாததைக் கை சொல்லிற்று. பெரியவர்களாகிய நாம் அதைப் பார்த்து, "இதை ஏன் வரைகிறாய்? பூவை வரை" என்று சொல்லாதிருந்தால் அதுவே பேருதவி.

பாட்டு மட்டும் போதாத இடம்

இவ்வளவும் சொன்னபின் ஒரு கண்டிப்பான வார்த்தையும் சொல்லவேண்டும். இல்லையேல் நான் கடமை தவறியவன் ஆவேன்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் நல்ல குரல்வளம் உடையவன். விவசாயம் செய்துகொண்டே ஊர்க் கூத்தில் பின்பாட்டுப் பாடிவந்தான். ஓராண்டு மழையில் பயிர் போயிற்று, கடனும் இருந்தது. ஒருநாள் தேநீர்க் கடையில், "சார், பதினைந்து நாளாகத் தூக்கமே இல்லை. இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது" என்றான். அங்கிருந்த நாங்கள், "உனக்கென்னடா குறை, ராஜா மாதிரி பாடுகிறாய்" என்று சிரித்து அனுப்பிவிட்டோம். அந்த வாரமே அவனை இழந்தோம். அவன் பாட்டு அவனைக் காக்கவில்லை. அவனுக்கு அன்று தேவைப்பட்டது மருத்துவரும், அவனோடு கூடச் செல்லும் ஒரு துணையும்.

ஆகவே நன்றாக நினைவில் வையுங்கள். பல நாட்கள் தூக்கமும் உணவும் அற்றுப்போனாலும், சாவைப் பற்றிப் பேசினாலும், இல்லாத குரல் கேட்கிறது என்றாலும், அது மருத்துவரிடம் காட்டவேண்டிய நோய். சாவைப் பற்றிப் பேசுபவனைத் தனியே விடாதீர்கள். அவ்வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். 2022 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் கிடைக்கிறது, கட்டணம் இல்லை.

சங்கிலியால் கட்டிவைப்பதும் மந்திரம் மட்டும் செய்வதும் வேண்டா. 2001 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர் என்று கருதி, அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் அளிக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கருத்தாகும்.

சிகிச்சை பெற்றுத் திரும்புவோரை ஏற்றுக்கொள்வதற்கும் நம் வட்டாரத்திலேயே வழிகாட்டிகள் உண்டு. தெருவில் ஆதரவின்றித் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காக 1993 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற தி பான்யன் என்னும் தொண்டு நிறுவனம், பின்னர் நம் கோவளம், தையூர்ப் பகுதிகளிலும் தன் பணியை விரித்தது. நெடுங்காலம் விடுதியில் இருந்தவர்கள் ஊருக்குள் சாதாரண வீடுகளில் நாலைந்து பேராகச் சேர்ந்து வாழ்வதற்கும் அது ஏற்பாடு செய்திருக்கிறது. அத்தகைய பெண் ஒருத்தி காலையில் தன் வாசலைத் தெளித்துக் கோலம் போடும்போது, அடுத்த வீட்டுக்காரி நின்று, "புள்ளி எத்தனை?" என்று ஒரு சொல் கேட்டால், அதுவும் வைத்தியத்தில் ஒரு பங்கு என்றே கொள்ளவேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இனி, உங்கள் கையில் இருப்பவற்றைச் சொல்லி முடிக்கிறேன். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

முதலாவதாக, துக்க வீட்டில் ஒலிபெருக்கியைக் குறைக்கும்படி ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். பெண்கள் அழ அமர்ந்தால் படித்த பிள்ளைகள் எழுந்துபோய் நிறுத்தாதிருக்கட்டும். நான் செய்த தவறு உங்களோடு நிற்கட்டும்.

இரண்டாவதாக, வாரத்தில் ஒரு மாலைப் பொழுது, பஞ்சாயத்துக் கட்டடத்தையோ நூலகத்தையோ பாட்டுக்கும் கதைக்கும் திறந்துவையுங்கள். கும்மி, கோலாட்டம், பஜனை, உடுக்கைப் பாட்டு, எதுவாயினும் சரி. எல்லாச் சாதியாரும், எல்லாத் தெருவாரும் வரக்கூடிய இடமாக அது இருக்கவேண்டும். அங்கே மேடை வேண்டா, தலைவர் வேண்டா, பரிசும் வேண்டா. பரிசு வைத்தால் நன்றாகப் பாடுகிறவன் மட்டும் வருவான். துயரமுடையவன் வருவதே நம் நோக்கம். வந்தவன் பாடாமல் உட்கார்ந்திருந்தாலும் அவனை வற்புறுத்தக்கூடாது. அங்கே சொன்னதை வெளியே சொல்லிச் சிரிக்கக்கூடாது.

மூன்றாவதாக, திருவிழாச் செலவில் ஆர்க்கெஸ்டிராவுக்கு ஒதுக்குவதில் ஒரு பகுதியையேனும் நம் வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களுக்கு ஒதுக்குங்கள். பேசிய பணத்தைத் தாமதமின்றிக் கொடுங்கள். ஊர்த் துயரைத் தீர்ப்பவர் வீட்டில் துயரம் குடியிருக்கலாகாது.

நான்காவதாக, வெள்ளமோ புயலோ வந்தபின், அரிசி, பாய், போர்வை ஆகியவற்றோடு, குழந்தைகளுக்குத் தாளும் வண்ணக்குச்சியும் களிமண்ணும் சேர்த்துக் கொடுங்கள். ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ உடன் இருக்கட்டும்.

ஐந்தாவதாக, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வரவுசெலவுக் கணக்கு முடிந்தபின் அரைமணி நேரம், தம் மனத்திலிருப்பதைப் பேசவும் பாடவும் ஒதுக்கிக்கொள்ளட்டும். முதியவர்களிடம் உள்ள தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை இளம்பெண்கள் எழுதி வைக்கட்டும். தன் பாட்டை ஒருத்தி உட்கார்ந்து எழுதிக்கொள்கிறாள் என்பதே முதியவளுக்குப் பெரிய மருந்து.

ஆறாவதாக, ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டில் மூன்று மாதமாக யாரோடும் பேசாதிருப்பவர் யார் என்று அறிந்திருக்கவேண்டும். அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமருங்கள். அறிவுரை கூறாதீர்கள், கேளுங்கள். மருத்துவரிடம் போகவேண்டியவராயின் கூடப் போங்கள்.

அன்பர்களே! ஐப்பசி பிறக்குமுன் நாம் ஏரிக்கரைக்குச் சென்று கலங்கலில் மண் மேடிட்டிருக்கிறதா, செடி முளைத்து அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். பார்த்தால்தான் கரை நிற்கும். அதுபோல் நம் ஊரார் மனத்திலுள்ள துயரம் வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்றும் ஆண்டுக்கொரு முறையேனும் பார்ப்போமாக. என் தாய்க்காக அழவேண்டிய பாட்டை என் அக்கா எட்டு மாதம் சுமந்தாள். உங்கள் ஊரில் அவ்வாறு சுமப்பவர்கள் எத்தனை பேரோ! இன்று மாலை வீடு திரும்பியதும் அவர்களுள் ஒருவரையேனும் போய்ப் பாருங்கள். பார்த்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னபின்னும் சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.